அருகில் இருப்பதாக நம்பும் கணினி: சேமிப்பக வலையமைப்பின் வரலாறு

2021ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் முற்பகல் 11.40 மணிக்கு, மும்பையிலுள்ள தேசியப் பங்குச் சந்தை தன் வர்த்தகத்தை நிறுத்தியது. பிற்பகல் 3.45 மணிக்குத்தான் மீண்டும் தொடங்க முடிந்தது. வழக்கமாக 3.30 மணிக்கு முடிந்துவிடும் வர்த்தகம் அன்று மாலை 5 மணிவரை நீட்டிக்கப்பட்டது. வாங்கியதை விற்க முடியாமலும் விற்றதை வாங்க முடியாமலும் நாடெங்கும் முதலீட்டாளர்கள் நான்கு மணிநேரம் திரையைப் பார்த்தபடி காத்திருந்தனர்.

ஆர்டர்களைப் பொருத்தும் கணினிகள் அன்று பழுதடையவில்லை. சந்தை நிர்வாகம் பின்னர் வெளியிட்ட விளக்கம் வேறொன்றைச் சொன்னது. பாந்த்ரா குர்லா வளாகத்திலுள்ள முதன்மைத் தரவு மையத்துக்கும் குர்லாவிலுள்ள அண்மைக் காப்பு மையத்துக்கும் இடையே ஓடும் தொலைத்தொடர்புத் தடங்கள் நிலைகுலைந்தன. அதற்கு முக்கியக் காரணம், இரு மையங்களுக்கும் இடைப்பட்ட சாலையில் நடந்த தோண்டும் பணியும் கட்டுமானப் பணியும். அதைத் தொடர்ந்து, சேமிப்பக வலையமைப்பு எதிர்பாராத வகையில் நின்றுபோனது. இடர் மேலாண்மைக் கணினிகளால் தம் தரவை எட்ட முடியவில்லை. இடரைக் கணக்கிடாமல் வர்த்தகத்தை நடத்துவது ஆபத்து என்பதால் சந்தை மூடப்பட்டது.

சாலையில் விழும் கடப்பாரைக்கும், ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் கணினி தன் வட்டைப் படிப்பதற்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்விக்கான விடை 1956ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. 'ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க்', சுருக்கமாக 'சான்', என அழைக்கப்படும் சேமிப்பக வலையமைப்பின் வரலாறு, வட்டைக் கணினியிடமிருந்து சிறிது சிறிதாகத் தள்ளிவைத்த வரலாறு. வட்டு எவ்வளவு தொலைவு சென்றாலும் அது பக்கத்திலேயே இருப்பதாகக் கணினியை நம்பவைத்த வரலாறும் அதுவே.

1. கம்பியின் நீளமே எல்லை

1956ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் 'ராமாக்' என்னும் கணினியை அறிவித்தது. வணிகப் பயன்பாட்டுக்கு வந்த முதல் வன்வட்டு அதனுடன்தான் பிறந்தது. 24 அங்குல விட்டம் கொண்ட 50 தட்டுகள், 50 லட்சம் எழுத்துகள்: இதுவே அதன் முழுக் கொள்ளளவு. அந்த வட்டு அந்தக் கணினியின் உடலுறுப்பு. வேறொரு கணினி அதைப் படிக்க விரும்பினால், துளையட்டையிலோ காந்த நாடாவிலோ தரவைப் படியெடுத்துக் கையில் தூக்கிக்கொண்டு செல்ல வேண்டும்.

1964ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 வரிசைக் கணினிகளில், கணினிக்கும் வட்டுக்கும் நடுவே 'சேனல்' என்ற இடையாள் முறையாக நிலைபெற்றது. மையச் செயலகம் கட்டளையை மட்டும் தரும். தரவை எடுத்துவரும் வேலையைச் சேனல் பார்த்துக்கொள்ளும். ஆனால் சேனலிலிருந்து புறப்பட்ட தடித்த செப்பு வடங்கள் ஏறத்தாழ 200 அடிக்கு மேல் நீளக்கூடாது. அதற்கு மேல் போனால் இணையாக ஓடும் கம்பிகளில் மின்குறிகள் ஒரே நேரத்தில் வந்து சேரா. ஆகவே வட்டுகள் யாவும் கணினி இருக்கும் கூடத்திலேயே இருந்தாக வேண்டியிருந்தது. வன்வட்டு பிறந்து பல ஆண்டுகள் வரை, தரவு எங்கே இருக்கலாம் என்பதைத் தீர்மானித்தது கம்பியின் நீளம்தான்.

2. ஆறு மீட்டருக்காக எழுதப்பட்ட மொழி

சிறு கணினிகளின் உலகில் வட்டுத் தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஓர் இணைப்பு முறையை வைத்திருந்தனர். 1970களின் இறுதியில் ஷுகார்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தில் லாரி பௌச்சர் தலைமையில் உருவான ஓர் இணைப்பு முறை, 1986இல் அமெரிக்கத் தரநிலையாக ஏற்கப்பட்டது. அதன் பெயர்ச் சுருக்கத்தைப் பொறியாளர்கள் 'ஸ்கஸி' என்று ஒலித்தனர்.

ஸ்கஸியின் புதுமை அதன் கம்பியில் இல்லை, மொழியில் இருந்தது. தட்டு எத்தனை, தலை எந்தத் தடத்தின் மேல் நிற்க வேண்டும் என்பன போன்ற உட்கூறுகளைக் கணினி அறிய வேண்டியதில்லை. வட்டு என்பது வரிசை எண்ணிட்ட பெட்டிகளின் தொடர். ஒவ்வொரு பெட்டிக்கும் 'பிளாக்' என்று பெயர். "இந்த எண்ணிலிருந்து இத்தனை பிளாக்குகளைப் படி", "இந்த எண்ணிலிருந்து இத்தனை பிளாக்குகளில் எழுது" என்று கணினி கேட்கும், வட்டு கொடுக்கும். அந்தப் பிளாக்குகளில் இருப்பது ஓய்வூதியக் கணக்கா, திருமணப் புகைப்படமா என்பது வட்டுக்குத் தெரியாது. பொருளை அறிந்தது கணினி மட்டுமே.

சாதாரண ஸ்கஸி வடத்தின் நீளம் 6 மீட்டர். அதில் கணினியின் இணைப்பட்டையையும் சேர்த்து 8 கருவிகளுக்குத்தான் இடம். இந்த எல்லைக்குள் எழுதப்பட்ட மொழிக்கு இரண்டு நம்பிக்கைகள் அடித்தளமாயின. வட்டு பக்கத்தில் இருக்கிறது என்பது ஒன்று. அந்த வட்டு பெரும்பாலும் தனக்கே உரியது என்பது மற்றொன்று. பின்னர் வந்த வரலாறு முழுவதும் இவ்விரு நம்பிக்கைகளும் பொய்யான பின்னும், அவை உண்மை என்பதுபோல் நடித்துக்காட்டும் முயற்சியாகவே அமைந்தது.

3. தீவுகளும் ஒரு முன்னோடியும்

1980களின் பிற்பகுதியில் அலுவலகங்களில் சர்வர்கள் பெருகின. ஒவ்வொரு சர்வரும் தன் வட்டுகளோடு ஒரு தீவாக நின்றது. ஒன்றில் இடம் நிரம்பி வழியும். பக்கத்துச் சர்வரில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும். ஒன்றின் இடத்தை மற்றொன்றுக்குத் தர வழியில்லை. சர்வர் பழுதானால் வட்டு நலமாக இருந்தும் தரவை எட்ட முடியாது.

இதற்கு மாற்று உண்டு என்பதை டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனம் 1983இல் அறிவித்த 'வாக்ஸ் கிளஸ்டர்' முன்பே காட்டியிருந்தது. பல வாக்ஸ் கணினிகளும், வட்டுகளை ஆளும் தனிக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் நொடிக்கு 70 மெகாபிட் வேகமுள்ள ஒரு பொது இணைப்பில் சேர்ந்தன. எல்லாக் கணினிகளும் எல்லா வட்டுகளையும் கண்டன. யார் எதை எப்போது எழுதலாம் என்பதை ஒழுங்குபடுத்த, கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஒரு பூட்டு முறையும் மென்பொருளில் அமைந்தது. வட்டைப் பகிர்வது எளிது, உரிமையைப் பகிர்வதே கடினம் என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். ஆயினும் அம்முறை ஒரே நிறுவனத்தின் கணினிகளுக்குள் அடங்கியிருந்தது.

இதே காலத்தில் வட்டும் தன் உருவை மாற்றிக்கொண்டது. 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்ஸன், ராண்டி காட்ஸ் ஆகியோர், பல சிறு வட்டுகளைக் கூட்டி ஒரே பெரிய வட்டாகக் காட்டும் 'ரெய்டு' முறையை முன்வைத்தனர். ஒரு வட்டு பழுதானாலும் மற்றவற்றிலிருந்து தரவை மீட்டெடுக்க அது வழிசெய்தது. அப்பெயர்ச் சுருக்கத்தின் மூன்றாம் எழுத்து முதலில் 'மலிவான' என்ற சொல்லைக் குறித்தது. நிறுவனங்கள் விற்கத் தொடங்கிய பெட்டிகளின் விலைக்கு அச்சொல் பொருந்தவில்லை. அதே எழுத்தில் தொடங்கும் 'தனித்தியங்கும்' என்ற சொல் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. 1990இல் ஈஎம்சி நிறுவனம் வெளியிட்ட 'சிம்மெட்ரிக்ஸ்' பெட்டி, சிறு வட்டுகளை வரிசையாக அடுக்கிப் பெரிய இடைநினைவகத்தையும் சேர்த்துப் பெருங்கணினிகளுக்கு 24 ஜிகாபைட் இடத்தைத் தந்தது. கணினி கண்ட வட்டு இனி ஓர் உண்மையான வட்டு அன்று. வட்டின் தோற்றம் மட்டுமே.

4. எழுத்துக்கூட்டலில் ஒரு தீர்மானம்

செப்புக் கம்பியின் எல்லையைக் கடக்கக் கண்ணாடி இழை உதவியது. ஐபிஎம் 1990இல் தன் பெருங்கணினிகளுக்கு 'எஸ்கான்' என்ற ஒளியிழைச் சேனலைக் கொண்டுவந்தது. தரவு மையத்தின் தரைக்கடியில் சுருண்டு கிடந்த தடித்த வடங்களின் இடத்தை மெல்லிய இழைகள் பிடித்தன. வட்டுகள் கிலோமீட்டர் கணக்கில் விலகிச் செல்ல முடிந்தது.

எந்த நிறுவனத்துக்கும் உரியதல்லாத பொதுத் தரநிலை ஒன்றுக்கான பணி 1988இல் தொடங்கி 1994இல் அமெரிக்கத் தரநிலையாக நிறைவேறியது. அதுவே 'ஃபைபர் சேனல்'. முதலில் ஒளியிழைக்கென்றே திட்டமிடப்பட்ட அம்முறையில் பின்னர் செப்புக் கம்பிக்கும் இடம் தரப்பட்டது. பெயரை மாற்றினால் அதுவரை பரவியிருந்த அடையாளம் போய்விடும். மாற்றாவிட்டால் பொருள் பிழையாகும். குழு ஓர் எழுத்துக்கூட்டல் தந்திரத்தைக் கையாண்டது. இழையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகளை அமெரிக்க வழக்கிலிருந்து பிரிட்டிஷ் வழக்குக்கு மாற்றி எழுதியது. பழைய எழுத்துக்கூட்டல் கண்ணாடி இழையைக் குறிக்கும். புதியது தரநிலையைக் குறிக்கும். தமிழில் எழுதும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. இரண்டும் நமக்கு 'ஃபைபர்' மட்டுமே.

பெயரின் இரண்டாம் பாதியும் கருதத்தக்கது. வலையமைப்பு போலப் பல கருவிகளை இணைக்கும் ஒரு முறைக்குச் 'சேனல்' என்ற பழைய பெருங்கணினிச் சொல்லையே அவர்கள் வைத்தனர். காரணம் உண்டு. அன்றைய அலுவலக வலையமைப்புகளில் தரவுப்பொதி தொலைந்தால் மீண்டும் அனுப்பிக்கொள்ளலாம் என்பது ஏற்கப்பட்ட வழக்கம். வட்டோடு பேசும் கணினிக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆகவே ஃபைபர் சேனலில் எதிர்முனை "இத்தனை சட்டகங்களுக்கு என்னிடம் இடமுண்டு" என்று முன்கூட்டியே வரவு வைக்கும். வரவு தீர்ந்தால் அனுப்புநர் காத்திருப்பார். நெரிசலால் எதையும் தூக்கி எறிவதில்லை.

அந்த இழைக்குள் ஓடியது பெரும்பாலும் பழைய ஸ்கஸிக் கட்டளைகளே. 6 மீட்டருக்கு எழுதப்பட்ட மொழி 10 கிலோமீட்டர் பயணம் செய்தது. கணினியின் இயங்குதளம் இந்த மாற்றத்தை அறியவேயில்லை. வடிவமைப்பாளர்கள் விரும்பியதும் அதுவே. மென்பொருளை மாற்றி எழுதச் சொல்லியிருந்தால் யாரும் இதை வாங்கியிருக்கமாட்டார்கள்.

தொடக்கத்தில் கருவிகளை ஒரு வளையமாக இணைத்தனர். அதில் ஏறத்தாழ 126 கருவிகளுக்கு இடமிருந்தது. வளையத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். பின்னர் ஸ்விட்சுகள் வந்தன. 24 பிட் முகவரியால், கோட்பாட்டளவில் 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் கிடைத்தன. 1995இல் தொடங்கப்பட்டு இந்த ஸ்விட்சுகளால் பெயர்பெற்ற பிரோகேட் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவர், இந்தியாவில் பிறந்த பொறியாளர் குமார் மளவள்ளி. ஃபைபர் சேனல் தரநிலையின் உருவாக்கத்திலும் அவர் பங்காற்றியவர். சேமிப்பக வலையமைப்பு என்ற சொல் 1990களின் பிற்பகுதியில் தொழில்துறையில் நிலைபெற்றது.

இதே காலத்தில் புழக்கத்துக்கு வந்த மற்றொரு சொல் 'நாஸ்'. 'சான்' என்பதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் 'நாஸ்' வரும். பொருளிலும் ஏறத்தாழ அப்படியே. நாஸ் கருவியிடம் "இந்தப் பெயருள்ள கோப்பைக் கொடு" என்று கேட்கலாம். கோப்பு, உறை, உரிமை எல்லாம் அதற்குத் தெரியும். சான் கோப்பை அறியாது. பிளாக்கை மட்டுமே அறியும். முன்னது நூலகர், பின்னது எண்ணிட்ட அலமாரி.

5. இரண்டு கணினிகள், ஒரு வட்டு

எண்ணிட்ட அலமாரியைப் பலர் ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகும்? கோப்புகளின் பட்டியலைத் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் ஒரு சர்வர், குறிப்பிட்ட பிளாக் காலி என்று கருதி அதில் எழுதுகிறது. மற்றொரு சர்வரும் தன் பட்டியலின்படி அதே பிளாக் காலி என்று எழுதுகிறது. இரண்டு கட்டளைகளும் இலக்கணப் பிழையற்றவை. வட்டு இரண்டையும் பணிவோடு நிறைவேற்றும். முதலில் எழுதப்பட்டது அழிந்துபோகும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. வட்டு தனக்கே உரியது என்ற பழைய நம்பிக்கை இங்கே ஆபத்தாக மாறியது.

இதைத் தடுக்கவே மூன்று காவல்கள் உருவாயின. ஃபைபர் சேனல் கருவி ஒவ்வொன்றுக்கும் 64 பிட் நீளமுள்ள உலகளாவிய பெயர் உண்டு. எந்தப் பெயர் எந்தப் பெயரைக் காணலாம் என்று ஸ்விட்சில் வரையறுப்பது 'ஸோனிங்'. சேமிப்பகப் பெட்டிக்குள் இருக்கும் பகுதிகளில் எது எந்தச் சர்வருக்குத் தெரிய வேண்டும் என்று மறைத்துக் காட்டுவது 'மாஸ்கிங்'. ஒரு வட்டைத் தற்காலிகமாகத் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் கட்டளை ஸ்கஸி மொழிக்குள்ளேயே இருந்தது. இம்மூன்றும் சேர்ந்து, நூறு சர்வர்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு பெட்டியை ஒவ்வொரு சர்வருக்கும் தனிச் சொத்தாகக் காட்டின. ஸோனிங் அட்டவணையில் ஒரு வரி தவறினால் இக்காட்சி கலைந்துவிடும். சேமிப்பக நிர்வாகி என்ற பணியின் பெரும் பொறுப்பு இதுவே.

6. ஒளிக்கும் நேரம் தேவை

வட்டு தொலைவில் இருக்கலாம் என்றானதும், ஒரே தரவை இரண்டு ஊர்களில் வைக்கும் எண்ணம் இயல்பாக எழுந்தது. 1994இல் ஈஎம்சி கொண்டுவந்த தொலைநகல் வசதியில், ஒரு பெட்டியில் எழுதப்படுவது மற்றோர் இடத்துப் பெட்டியிலும் தானே எழுதப்பட்டது. தீவிபத்தோ வெள்ளமோ நிலநடுக்கமோ ஒரு கட்டடத்தை அழித்தாலும் கணக்குகள் பிழைத்திருக்கும்.

இங்கே இயற்பியல் குறுக்கிடுகிறது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோநொடி ஆகும். 100 கிலோமீட்டர் சென்று திரும்ப 1 மில்லிநொடி. இரண்டு இடங்களிலும் எழுதி முடித்த பிறகே "எழுதியாயிற்று" என்று சொல்லும் முறையில், கணினி ஒவ்வொரு முறையும் அந்த நேரம் காத்திருக்க வேண்டும். ஆனால் ஒரு வரிகூடத் தொலையாது. இங்கே எழுதியதும் "ஆயிற்று" என்று சொல்லிவிட்டுப் பின்னர் அனுப்பும் முறையில் காத்திருப்பு இல்லை. ஆனால் விபத்து நேர்ந்தால் கடைசிச் சில நொடிகள் காணாமல் போகும்.

2000களில் இந்திய வங்கிகள் கிளைக் கணினிகளில் சிதறிக் கிடந்த கணக்குகளை மையத் தரவு மையங்களுக்கு மாற்றியபோது இத்தேர்வு இந்தியாவுக்கும் வந்தது. தேசியப் பங்குச் சந்தையின் தொலைக் காப்பு மையம் சென்னையில் அமைந்தது. மும்பைக்கும் சென்னைக்கும் இடையே நேர்கோட்டிலேயே 1000 கிலோமீட்டருக்கு மேல். ஒளி போய்வர மட்டும் 10 மில்லிநொடி ஆகும். மைக்ரோநொடிகளில் இயங்கும் சந்தை ஒவ்வொரு முறையும் அவ்வளவு காத்திருக்க இயலாது. ஆகவே ஒரு வரியும் தொலையாத நகலுக்கு அருகிலேயே ஓர் அண்மைக் காப்பு மையம் தேவைப்படுகிறது. குர்லாவுக்கு இழை போடப்பட்டதன் தேவை இதுதான்.

7. இழை மறைந்தது, தொலைவு மறையவில்லை

ஃபைபர் சேனலின் விலை சிறு நிறுவனங்களுக்கு எட்டாதது. சாதாரண ஈதர்நெட் கம்பியில், இணையத்தின் நெறிமுறைக்குள்ளேயே ஸ்கஸிக் கட்டளைகளை மடித்து அனுப்பும் 'ஐஸ்கஸி' 2004இல் இணையத் தரநிலைகளின் வரிசையில் இடம்பெற்றது. 2003இல் விஎம்வேர் நிறுவனம், ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர்க் கணினியை நிறுத்தாமலே ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் வசதியை வெளியிட்டது. வட்டு இரு சர்வர்களுக்கும் பொதுவான இடத்தில் இருந்ததால்தான் அது இயன்றது.

2008இல் அமேசான் மேகக் கணிமையில் பிளாக் சேமிப்பகத்தைத் தனிச் சேவையாக வழங்கியது. வாடிக்கையாளர் அதை வட்டு என்றே கண்டார். உண்மையில் அது வலையமைப்பின் மறுமுனையில் இருந்தது. 2011 ஏப்ரல் 21 அன்று ஒரு வலையமைப்பு மாற்றத்தின்போது போக்குவரத்து தவறான, குறுகிய தடத்துக்குத் திருப்பப்பட்டது. தம் நகல்களோடு தொடர்பிழந்த சேமிப்பகக் கணுக்கள் யாவும் ஒரே நேரத்தில் புதிய நகலுக்கு இடம் தேடி ஓடின. அந்த நெரிசலில் பல இணையதளங்கள் நாள்கணக்கில் முடங்கின. பாதிக்கப்பட்ட மண்டலத்தின் வட்டுப்பகுதிகளில் 0.07 விழுக்காட்டை மீட்கவே முடியவில்லை.

மொழியும் கடைசியில் மாறத் தொடங்கியது. சுழலும் தட்டுக்கு மில்லிநொடிகள் தேவைப்பட்ட இடத்தில் ஃபிளாஷ் நினைவகத்துக்கு அதில் சிறு பகுதியே போதும். பழைய கட்டளை மொழி வேகத்துக்குத் தடையானது. 2011இல் வெளியான என்விஎம்இ, ஒரே வரிசைக்குப் பதிலாக 65,535 கட்டளை வரிசைகள் வரை அனுமதித்தது. 2016இல் அதுவும் வலையமைப்பின் மேல் பயணிக்கும் வடிவைப் பெற்றது. ஆயினும் கேள்வி பழையதுதான்: "இந்த எண்ணிலிருந்து இத்தனை பிளாக்குகள்." வட்டு எங்கே இருக்கிறது என்று கணினி இன்றும் கேட்பதில்லை.

8. யார் தீர்மானிப்பது?

இரண்டு மையங்களுக்கு இடையிலான தடம் அறுந்தால், முதன்மை மையத்துக்கு இரண்டே வழிகள். நகல் எழுத முடியாததால் தானும் எழுதாமல் நிற்கலாம். அப்போது தரவு தொலையாது, ஆனால் பணி நிற்கும். அல்லது தனியாகத் தொடரலாம். அப்போது பணி நடக்கும், ஆனால் இரண்டு நகல்களும் வேறுபடும். மூன்றாம் வழி கிடையாது. எதைத் தேர்வது என்பதை இழையோ ஸ்விட்சோ தீர்மானிக்க இயலாது. அந்தப் பிளாக்குகளில் இருப்பது என்ன, அது ஒரு நொடி தொலைந்தால் யாருக்கு இழப்பு, நான்கு மணிநேரம் நின்றால் யாருக்கு இழப்பு என்பதை அறிந்த மனிதர்களே முன்கூட்டித் தீர்மானித்து, எழுதி, தடத்தைத் துண்டித்துச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

சேமிப்பக வலையமைப்பு தொலைவை மறைத்ததால்தான் வங்கிகளும் சந்தைகளும் மருத்துவமனைகளும் தம் தரவை ஒரே இடத்தில் காத்துப் பல இடங்களிலிருந்து பயன்படுத்த முடிகிறது. அந்த மறைப்பு கணினிக்குத் தேவை. அதை நடத்தும் மனிதருக்கு அது ஆகாது. தம் வட்டுக்கும் தமக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஸ்விட்சுகள், எந்தத் தெரு என்பதை அவர்கள் நாள்தோறும் நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.